வாசகர் கேள்வி பதில்: பூட்டிய கதவும் ஒரு ஜன்னலும்

போன மாதம் ஒரு வாசகி, "பெண்களுக்கு ஓட்டு வேண்டும் என்று உலகத்தில் முதலில் கூட்டம் போட்டுக் கேட்டது யார்?" என்று கேட்டிருந்தார். இடம் இல்லாததால் லுக்ரீஷியா மாட் என்ற அமெரிக்கப் பெண்மணியைப் பற்றி நாலே வரி எழுதி முடித்திருந்தேன். குவேக்கர் பிரிவைச் சேர்ந்தவர், அடிமை முறையை எதிர்த்தவர், பெண்கள் ஓட்டுரிமைக்காகவும் நின்றவர் என்று மட்டும். அந்த நாலு வரிக்கு இத்தனை கடிதம் வரும் என்று நினைக்கவே இல்லை. இளம்பிள்ளை, செவ்வாய்ப்பேட்டை, ஆத்தூர், ஏற்காடு என்று எல்லாப் பக்கமிருந்தும் வந்திருக்கிறது. அதனால் இந்த மாதப் பகுதி முழுக்க அந்த அம்மாவுக்கே.

அக்கா, லுக்ரீஷியா மாட் என்ற பேரையே உங்கள் பகுதியில்தான் முதலில் படித்தேன். அடிமை ஒழிப்புக்கும் பெண் ஓட்டுக்கும் என்ன சம்பந்தம்? இரண்டும் வேறு வேறு போராட்டம்தானே?
– ஓமலூர் வாசகி

இந்தக் கேள்வியில்தான் எல்லாமே இருக்கிறது. அவர் 1793-ல் நான்டக்கெட் என்ற தீவில் பிறந்தார். அப்பா கப்பல் ஓட்டியவர். ஆண்கள் மாதக்கணக்கில், சிலசமயம் வருடக்கணக்கில் கடலுக்குப் போய்விடுவதால் வீட்டுக் கணக்கு, வியாபாரம், கொடுக்கல் வாங்கல் எல்லாம் பெண்கள் கையில்தான். அப்படி ஒரு ஊரில் வளர்ந்த பெண் பள்ளி ஆசிரியை ஆனபோது ஒரு விஷயம் கண்ணில் பட்டது. பையனைப் படிக்கவைக்கவும் பெண்ணைப் படிக்கவைக்கவும் ஒரே கட்டணம் வாங்குகிறார்கள், ஆனால் அதே பெண் படித்து முடித்து டீச்சரானால் ஆண் வாத்தியாருக்குக் கொடுப்பதில் பாதிதான் சம்பளம். இதை அவர் கடைசிவரை மறக்கவில்லை.

1833-ல் அமெரிக்க அடிமை ஒழிப்புச் சங்கத்தை ஃபிலடெல்ஃபியாவில் தொடங்கியபோது அவரும் கூட்டத்தில் இருந்தார், பேசவும் செய்தார். ஆனால் சங்கப் பிரகடனத்தில் கையெழுத்துப் போடுங்கள் என்று எந்தப் பெண்ணையும் யாரும் கேட்கவில்லை. சில நாட்களிலேயே பெண்கள் தனியாக ஒரு சங்கம் தொடங்கினார்கள். வெள்ளைக்காரப் பெண்களும் கறுப்பினப் பெண்களும் ஆரம்பத்திலிருந்தே சேர்ந்து உட்கார்ந்த சங்கம் அது.

அப்புறம் 1840, லண்டன். உலக அடிமை ஒழிப்பு மாநாடு. அமெரிக்காவிலிருந்து முறைப்படி தேர்ந்தெடுத்து அனுப்பிய பிரதிநிதியாக லுக்ரீஷியா கடல் கடந்து போய் இறங்குகிறார். முதல் நாள் முழுக்க ஒரே விவாதம், என்ன விவாதம் என்றால் பெண்களைப் பிரதிநிதிகளாக ஏற்பதா வேண்டாமா என்று! மனிதனை மனிதன் விற்கக் கூடாது என்று பேசக் கூடிய சபை அது. ஓட்டெடுத்து, பெண்களைத் தடுப்புக்குப் பின்னால் பார்வையாளர் பகுதியில் உட்கார வைத்தார்கள். காது கேட்கலாம், வாய் திறக்கக் கூடாது. சில நாள் தாமதமாக வந்து சேர்ந்த வில்லியம் லாயிட் கேரிசன் (அமெரிக்க அடிமை ஒழிப்பு இயக்கத்தின் பெரிய தலைவர் அவர்) விஷயம் தெரிந்ததும் தன் ஆசனத்துக்குப் போகவே இல்லை, பெண்கள் இருந்த பக்கம் போய் உட்கார்ந்துகொண்டார்.

அந்தத் தடுப்புக்குப் பின்னால்தான் 47 வயது லுக்ரீஷியாவும், கல்யாணமான கையோடு கணவருடன் வந்திருந்த 24 வயது எலிசபெத் கேடி ஸ்டான்டனும் பேசிப் பழகினார்கள். ஊருக்குப் போனதும் பெண்கள் உரிமைக்காக ஒரு மாநாடு போடவேண்டும் என்று முடிவு செய்தார்கள். பிள்ளை, குடும்பம், வேலை என்று அது நடக்க 8 வருஷம் ஆனது. 1848 ஜூலை 19, 20 தேதிகளில், நியூயார்க் மாநிலத்தில் செனிகா ஃபால்ஸ் என்ற சின்ன ஊரில் நடந்தது.

அடுத்தவர் விலங்கை உடைக்கக் கை நீட்டியபோதுதான் தன் கையிலும் ஒன்று மாட்டியிருப்பது தெரிந்தது. அதனால் இரண்டும் வேறு வேறு போராட்டம் என்று என்னால் பார்க்க முடியவில்லை, சகோதரி.

அவர் பருத்தித் துணியே உடுத்தமாட்டார் என்று என் மகள் செல்போனில் படித்துச் சொன்னாள். நாங்கள் மூன்று தலைமுறையாகத் தறி ஓட்டுகிறவர்கள். பருத்தி மேல் என்ன கோபம்?
– இளம்பிள்ளை வாசகர்

பருத்தி மேல் கோபமில்லை அண்ணா, அந்தப் பருத்தி வந்த வழி மேல்தான் கோபம். அன்றைக்கு அமெரிக்கத் தெற்கு மாநிலங்களில் விளைந்த பஞ்சு அடிமைகள் விதைத்து, அடிமைகள் பறித்து, மூட்டை கட்டிக் கப்பலேறியது. இங்கிலாந்து ஆலைகள் அதில்தான் ஓடின. கரும்புச் சர்க்கரையும் அப்படித்தான். அதனால் லுக்ரீஷியா வீட்டில் அடிமை உழைப்பில் வந்த பருத்தியும் சர்க்கரையும் உள்ளே வரக் கூடாது என்று வைத்துவிட்டார்.

இதில் எனக்குப் பெரிதாகப் படுவது அவர் கணவர் ஜேம்ஸ் மாட் செய்ததுதான். அவர் தொழிலே பருத்தி வியாபாரம். ஐந்தாறு பிள்ளைகள் உள்ள குடும்பம். நன்றாகப் போய்க்கொண்டிருந்த பருத்தி வியாபாரத்தை 1830 வாக்கில் விட்டுவிட்டுக் கம்பளி வியாபாரத்துக்கு மாறினார். தறி வீட்டுக்காரருக்கு இதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை. நூல் மாற்றுவது என்றால் வாங்குகிற இடம், விற்கிற இடம், கடன் கொடுக்கிறவர், கடன் சொல்கிறவர் எல்லாமே மாறவேண்டும். ஒரு ரகத்திலிருந்து இன்னொரு ரகத்துக்குப் பாவு மாற்றவே நாம் எத்தனை தடவை யோசிக்கிறோம்.

கூலி கொடுத்து விளைவித்த பொருளை மட்டும் விற்கும் கடைகளும் அங்கே இருந்தன. விலை கூடுதல், தரம் குறைவு. சர்க்கரையில் தூசி இருக்கும், துணி பார்க்க அழகாக இருக்காது, வீட்டுப் பிள்ளைகள் முகம் சுளித்திருக்கிறார்கள். இந்தப் பழக்கம் அவருக்கு முன்னாலேயே இங்கிலாந்தில் தொடங்கியது. 1791-க்குப் பிறகு ஆயிரக்கணக்கான வீடுகளில், முக்கியமாகப் பெண்கள், மேற்கிந்தியத் தீவுச் சர்க்கரையை நிறுத்தினார்கள். 1824-ல் எலிசபெத் ஹேரிக் என்ற லெஸ்டர் நகரத்துப் பெண், "படிப்படியாக வேண்டாம், உடனே விடுதலை வேண்டும்" என்று துண்டுப் புத்தகம் எழுதி வீடு வீடாகக் கொண்டு போனார். பெரிய தலைவர்களான ஆண்கள் படிப்படியாக என்று பேசிக்கொண்டிருந்த நேரம் அது.

நம் தேசம் இதில் எங்கே வருகிறது என்று சொன்னால் ஆச்சரியப்படுவீர்கள். அந்த நாள் இங்கிலாந்தில் சர்க்கரைக் கிண்ணங்களின் மேல் "கிழக்கிந்தியச் சர்க்கரை, அடிமைகள் செய்ததல்ல" என்று எழுதி விற்றார்கள். கிழக்கிந்தியா என்றால் நாம்தான். அதே காலத்தில் நம் தமிழ்நாட்டு வயல்களில் நிலத்தோடு சேர்த்து ஆளையும் அடகு வைத்தார்கள், விற்றார்கள். கம்பெனி அரசு இந்தியாவில் அடிமை முறையைச் சட்டப்படி ஏற்க முடியாது என்று சொன்னது 1843-ல்தான். கிண்ணத்தில் எழுதியதைப் படித்து மனநிறைவோடு டீ குடித்த யாரோ ஒரு லண்டன் அம்மாவுக்கு, தஞ்சாவூர் வயலில் நின்றவர் கண்ணில் படவே இல்லை.

அந்தப் புறக்கணிப்பால் அடிமை முறை ஒழிந்ததா என்றால், இல்லை. பஞ்சு வியாபாரம் அசையக்கூட இல்லை. கூட இருந்தவர்களிலேயே பலர் இதனால் பலனில்லை என்று விட்டுவிட்டார்கள். லுக்ரீஷியா விடவில்லை. நான் அவர் பக்கம்தான். சாப்பாட்டு மேசையில் சர்க்கரையைத் தொடும்போதெல்லாம் "இது யார் கையால் வந்தது" என்று அந்த வீட்டில் ஒரு கேள்வி இருந்துகொண்டே இருந்தது. அந்தக் கேள்வியோடு வளர்ந்த பிள்ளைகள் வேறு மாதிரி வளர்வார்கள்.

குவேக்கர் என்று எழுதியிருந்தீர்கள். அது என்ன மதம்?
– ஆத்தூர் கல்லூரி மாணவர்

கிறிஸ்தவத்தில் ஒரு பிரிவு, தம்பி. லுக்ரீஷியா இருந்த பிரிவில் சம்பளத்துக்குப் பூசாரி, போதகர் கிடையாது. எல்லோரும் அமைதியாக உட்கார்ந்திருப்பார்கள், யாருக்கு உள்ளே ஒன்று தோன்றுகிறதோ அவர் எழுந்து பேசுவார், அது பெண்ணாகவும் இருக்கலாம். எல்லா மனிதருக்குள்ளும் கடவுளின் ஒளி இருக்கிறது என்பது அவர்கள் நம்பிக்கை. அதனால் லுக்ரீஷியாவுக்கு 30 வயதுக்கு முன்பே சபையில் எழுந்து பேசிப் பழக்கம் இருந்தது. அந்தக் காலத்தில் வேறு எந்த இடத்திலும் ஒரு பெண்ணுக்கு அந்தப் பயிற்சி கிடைத்திருக்காது.

என் தங்கச்சி கல்யாணத்துக்கு முன்னால் பட்டறை முதலாளியிடம் எங்க வீட்டுக்காரர் முன்பணம் வாங்கினார். கொலுசு வேலை. அவரோடு நானும் வீட்டிலிருந்து கண்ணி கோர்த்துக் கொடுக்கிறேன். நாலு வருஷமாகியும் பாக்கி குறையவில்லை. வேறு பட்டறைக்குப் போகிறேன் என்றால் பாக்கியைக் கட்டிவிட்டுப் போ என்கிறார்கள். எனக்கென்று தனியாகக் கூலி எதுவும் கணக்கில் இல்லை. அடிமை ஒழிப்பு என்று நீங்கள் எழுதியதைப் படித்து அழுதுவிட்டேன்.
– செவ்வாய்ப்பேட்டை வாசகி

கண்ணு, உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். முதலில் சட்டத்தைச் சொல்லிவிடுகிறேன், அப்புறம் ஒரு கதை.

முன்பணம் வாங்குவதோ கொடுப்பதோ தப்பு இல்லை. ஆனால் அந்தக் கடனைக் காட்டி வேறு இடத்துக்குப் போகவிடாமல் செய்தாலோ, குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே வேலை வாங்கினாலோ, 1976-ஆம் வருடத்துக் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் அதைக் குற்றம் என்கிறது. 3 வருடம் வரை சிறை. கொத்தடிமைக் கடன் என்று உறுதியானால் அந்தக் கடனே செல்லாது, திருப்பிக் கட்டத் தேவையில்லை. இன்னொரு முக்கியமான விஷயம்: இது கொத்தடிமைக் கடன் இல்லை என்று நிரூபிக்க வேண்டிய பொறுப்பு கடன் கொடுத்தவருடையது, உன்னுடையது இல்லை. குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே வாங்கும் வேலையே கட்டாய உழைப்புதான் என்று உச்ச நீதிமன்றம் 1982-ல் சொல்லியிருக்கிறது.

மனு கொடுக்க வேண்டிய இடம் கலெக்டர் அலுவலகம், இல்லாவிட்டால் கோட்டாட்சியர் அலுவலகம். விசாரித்து விடுதலைச் சான்று கொடுப்பார்கள், அதை வைத்துத்தான் மறுவாழ்வு உதவி கிடைக்கும். தனியாகப் போக பயமாக இருந்தால் 15100 என்ற எண்ணுக்குப் போன் பண்ணு, இலவச சட்ட உதவி. எப்போது எவ்வளவு வாங்கினீர்கள், வாரம் எத்தனை ஜோடி கொடுத்தீர்கள், என்ன பிடித்தார்கள் என்று ஒரு நோட்டில் தேதி போட்டு எழுத ஆரம்பி. இன்றைக்கே ஆரம்பி. உன் கை வேலையைத் தனியாக எழுது, அவர் வேலையோடு சேர்க்காதே.

இப்போது கதை. செனிகா ஃபால்ஸ் மாநாட்டுக்கு வந்தவர்களில் சார்லட் உட்வர்ட் என்று ஒரு பெண், 20 வயதுகூட ஆகவில்லை. அவளுக்கு வேலை கையுறை தைப்பது. கடையிலிருந்து வெட்டின தோல் வீட்டுக்கு வரும், உட்கார்ந்து தைத்துக் கொடுக்க வேண்டும், ஜோடிக் கணக்கில் கூலி. அந்தக் கூலி அவளுடையது இல்லை. அன்றைய சட்டப்படி வயது நிரம்பாத, கல்யாணமாகாத பெண் சம்பாதித்தால் அப்பாவுக்குச் சொந்தம், கல்யாணமானால் கணவனுக்கு. அங்கே வாசித்த பிரகடனத்தில் கல்யாணமான பெண் சட்டத்தின் கண்ணுக்குச் செத்தவள் மாதிரி என்றே ஒரு வரி உண்டு, அவள் சம்பாதித்த கூலியைக்கூட அவன் எடுத்துக்கொள்கிறான் என்று இன்னொரு வரி. அதைக் கேட்டுவிட்டு சார்லட் கையெழுத்துப் போட்டாள்.

மொத்தம் 100 பேர் கையெழுத்து. 68 பெண்கள், 32 ஆண்கள். 1920-ல் அமெரிக்கப் பெண்களுக்கு ஓட்டுரிமை வந்தபோது அந்த 68 பேரில் உயிரோடு இருந்தது சார்லட் மட்டும்தான். 90 வயதைத் தாண்டியிருந்தாள். உடம்பு முடியாததால் அவளால் ஓட்டுச்சாவடிக்குப் போக முடியவில்லை.

வீட்டில் உட்கார்ந்து கையுறை தைத்த பெண்ணையும், வீட்டில் உட்கார்ந்து கண்ணி கோர்க்கிற உன்னையும் என்னால் தனித்தனியாக நினைக்கவே முடியவில்லை. அடுத்த கடிதத்தில் மனு என்ன ஆனது என்று எழுது.

வெள்ளைக்காரப் பெண்கள் தங்களுக்கு ஓட்டு வாங்கிக்கொண்டார்கள், கறுப்பினத்தவரைக் கைவிட்டார்கள் என்றும் படித்திருக்கிறேன். அப்படியென்றால் எதற்கு இவரைக் கொண்டாட வேண்டும்?
– அஸ்தம்பட்டி வாசகர்

நியாயமான கேள்வி, பூசி மெழுகாமல் பதில் சொல்ல வேண்டிய கேள்வி.

உள்நாட்டுப் போர் முடிந்து 1865-ல் அடிமை முறை ஒழிந்தது. அடுத்து யாருக்கு ஓட்டு என்ற கேள்வி வந்தது. எல்லோருக்கும் சம உரிமை என்று 1866-ல் ஒரு சங்கம் தொடங்கினார்கள், லுக்ரீஷியாதான் தலைவர். ஆனால் 15-ஆவது அரசமைப்புத் திருத்தம் கறுப்பின ஆண்களுக்கு ஓட்டு என்று மட்டும் வந்தது, பெண்கள் யாருக்கும் இல்லை. ஸ்டான்டனும், பெண்கள் ஓட்டுக்காக அவரோடு நின்ற சூசன் பி. ஆன்டனியும் அதை எதிர்த்தார்கள். ஸ்டான்டன் அந்தக் கோபத்தில் கறுப்பினத்தவரையும் குடியேறியவர்களையும் பற்றிப் பேசியவை படிக்கவே கூசும். ஃபிரடரிக் டக்ளஸ் (அடிமையாகப் பிறந்து தப்பி வந்தவர்) செனிகா ஃபால்ஸில் பெண்கள் ஓட்டுக்கு எழுந்து நின்று பேசியவர். அந்த ஓட்டுத் தீர்மானம் மட்டும்தான் அங்கே ஒருமனதாக நிறைவேறவில்லை, அவர் பேசியிராவிட்டால் விழுந்தே போயிருக்கும். அப்படிப்பட்ட மனிதரோடு மேடையில் மோதினார்கள். 1869-ல் இயக்கம் இரண்டாக உடைந்தது. உடைந்தது ஒன்று சேர 20 வருஷத்துக்கு மேல் ஆனது.

லுக்ரீஷியா இரண்டு பக்கத்தையும் சேர்த்து வைக்கப் பார்த்தார், முடியவில்லை. அவருக்கும் குறை உண்டு. செனிகா ஃபால்ஸில் ஓட்டு கேட்பது அதிகப்படி, நம்மைப் பார்த்துச் சிரிப்பார்கள் என்று முதலில் தயங்கியதே அவர்தான். இரண்டு வாரம் கழித்து ராச்செஸ்டர் என்ற ஊரில் நடந்த அடுத்த கூட்டத்துக்கு ஒரு பெண்ணே தலைமை தாங்கட்டும் என்றபோதும் வேண்டாம் என்றார், அப்புறம் ஒத்துக்கொண்டார்.

ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது. 1838-ல் ஃபிலடெல்ஃபியாவில் பென்சில்வேனியா மண்டபம் என்று அடிமை எதிர்ப்பாளர்கள் புதிதாகக் கட்டித் திறந்தார்கள். திறந்து நாலாம் நாள், மே 17 இரவு, கும்பல் அதைக் கொளுத்திவிட்டது. தீயணைக்க வந்தவர்கள் பக்கத்துக் கட்டடங்களுக்கு மட்டும் தண்ணீர் அடித்தார்கள். கொளுத்துவதற்கு முன், உள்ளே கூட்டம் நடத்திய பெண்கள் வெளியே கல்லோடு கும்பல் நின்றபோது வெள்ளைப் பெண்ணும் கறுப்புப் பெண்ணும் கையோடு கை கோத்து அதற்கு நடுவே நடந்து போனார்கள். மண்டபத்தைக் கொளுத்திய கும்பல் அடுத்து மாட் வீட்டுக்குக் கிளம்பியது. தெரிந்தவர் ஒருவர் கும்பலோடு கும்பலாகக் கத்திக்கொண்டே அவர்களை வேறு தெருவுக்குத் திருப்பிவிட்டார். லுக்ரீஷியாவும் ஜேம்ஸும் வீட்டிலேயே உட்கார்ந்திருந்தார்கள். மறுநாள் காலை மிச்சக் கூட்டம் ஒரு பள்ளிக்கூடத்தில் நடந்தது, இவரும் போனார்.

1920-ல் சட்டம் வந்த பிறகும் தெற்கு மாநிலங்களில் கறுப்பினப் பெண்கள் ஓட்டுப் போட 1965 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. வரி கட்டினாயா, எழுதப் படிக்கத் தெரியுமா என்று ஆயிரம் தடை. ஆகவே கொண்டாடுவதென்றால் முழுக் கதையையும் வைத்துக்கொண்டு கொண்டாடுவோம், டக்ளஸையும் சேர்த்து.

எங்கள் தாத்தா சிலோன் எஸ்டேட்டில் இருந்து வந்தவர். ஓட்டு இருந்தது, பிடுங்கிவிட்டார்கள் என்று சொல்வார். நிஜமா?
– ஏற்காடு எஸ்டேட் வாசகர்

நிஜம்தான் தம்பி, உங்கள் தாத்தா சொன்னது அப்படியே சரி.

நம் சேர்வராயன் மலைக்குக் காப்பிச் செடி வந்தது 1820-களில், அன்றைய சேலம் கலெக்டர் காக்பர்ன் கொண்டுவந்தது. அதற்குக் கொஞ்சம் பின்னால் சிலோன் மலைகளிலும் காப்பித் தோட்டம் போட்டார்கள். சேலம், திருச்சி, மதுரை ஜில்லாக்களிலிருந்து கங்காணிகள் முன்பணம் கொடுத்து ஆள் கூட்டிப் போனார்கள். பாக்கி எவ்வளவு என்று ஒரு காகிதத்தில் எழுதித் தருவார்கள், அதற்குத் "துண்டு" என்று பேர். அந்தப் பாக்கியைக் கட்டத் தயாராக இருக்கும் அடுத்த எஸ்டேட்டுக்குத்தான் போக முடியும். மேலே செவ்வாய்ப்பேட்டைப் பெண் எழுதியதை இன்னொரு முறை படித்துப் பாருங்கள். துண்டு முறையை அங்கே 1921-ல் சட்டம் போட்டு ஒழித்தார்கள்.

1931-ல் சிலோனில் ஆண் பெண் எல்லோருக்கும் ஓட்டு வந்தது. தோட்டத் தமிழர்களில் நிறையப் பேருக்குக் கிடைத்தது. 1947 தேர்தலில் மலையகத்திலிருந்து சிலோன் இந்தியக் காங்கிரஸ் 7 இடம் ஜெயித்தது. சுதந்திரம் வந்த 1948-லேயே குடியுரிமைச் சட்டம் போட்டு அவர்களை நாடற்றவர்கள் ஆக்கினார்கள், அடுத்த வருடம் ஓட்டும் போனது. 1964-ல் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தப்படி 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்ப முடிவானது. அவர்கள் எங்கே இருக்க விரும்புகிறார்கள் என்பதை அந்த இரண்டு தலைவர்களும் பேசும்போது அவர்கள் யாரும் பக்கத்தில் இல்லை. லண்டன் மாநாட்டுத் தடுப்பு எனக்கு இங்கேயும் தெரிகிறது.

தாத்தாவிடம் பழைய காகிதம் ஏதாவது இருந்தால் பத்திரமாக வையுங்கள். லேமினேஷன் போட்டுவிட வேண்டாம், அது பழைய தாளைக் கெடுத்துவிடும்.

நம்ம ஊர்ப் பாட்டிகளுக்கு எப்போது ஓட்டு வந்தது?
– தாரமங்கலம் வாசகி

1917 டிசம்பரில் மான்டேகு என்ற இந்திய மந்திரி சென்னைக்கு வந்தபோது சரோஜினி நாயுடு தலைமையில் பெண்கள் போய் ஓட்டு கேட்டார்கள். அதே வருடம் அடையாறில் தொடங்கிய இந்திய மாதர் சங்கம்தான் அதற்கு ஏற்பாடு. 1921-ல் சென்னை மாகாணச் சட்டசபை பெண் என்பதற்காக ஓட்டை மறுக்கக் கூடாது என்று தீர்மானம் போட்டது, பிரிட்டிஷ் மாகாணங்களில் இதுதான் முதல். ஆனால் சொத்தோ வரியோ இருக்கவேண்டும், நிலம் தன் பேரில் இருந்த பெண்கள் எத்தனை பேர்? முத்துலட்சுமி ரெட்டி 1927-ல் அந்தச் சபையின் துணைத் தலைவர் ஆனார். 1935 சட்டத்தில் எழுதப் படிக்கத் தெரிந்த பெண்களுக்கும் ஓட்டு உள்ளவர்களின் மனைவிகளுக்கும் சேர்த்தார்கள். எல்லாப் பெண்களுக்கும் என்று வந்தது 1951–52 பொதுத் தேர்தலில்தான்.

அந்தத் தேர்தலில் நாடு முழுக்க, பெரும்பாலும் வட மாநிலங்களில், சுமார் 28 லட்சம் பெண்களின் பெயர் பட்டியலில் ஏறவே இல்லை. கணக்கெடுக்க வந்தவரிடம் சொந்தப் பேரைச் சொல்லாமல் இன்னார் மனைவி, இன்னார் அம்மா என்றே சொன்னார்கள். சொந்தப் பேர் இல்லாதவருக்கு ஓட்டு கிடையாது என்று தேர்தல் ஆணையம் உறுதியாக நின்றது. அடுத்த தேர்தலுக்குள் நிறையப் பேர் சொல்லப் பழகிவிட்டார்கள்.

எங்கள் பாட்டிக்கு இதில் பாதிப் பிரச்சினை. தன் பேரைச் சட்டென்று சொல்லிவிடுவார். கணவர் பேர் கேட்டால்தான் வாய் வராது, புருஷன் பேரைச் சொல்லக் கூடாதே. திண்ணையில் நின்றபடி வடக்கே கையை நீட்டி மலையைக் காட்டுவார். "அந்தா, அது மேல இருக்கற சாமி பேருதான்" என்பார். எழுத வந்தவரும் உள்ளூர்க்காரர், மலையை ஒரு தடவை பார்த்துவிட்டு எழுதிக்கொள்வார். ஒவ்வொரு தேர்தலுக்கும் ஓட்டுச் சீட்டைத் தன் சுருக்குப் பையில் வைத்துக்கொண்டு, எங்கள் தாத்தா எந்தச் சின்னத்துக்குப் போடச் சொன்னார் என்பதையும் தான் எதற்குப் போட்டார் என்பதையும் யாரிடமும் சொல்லாமல் வருவார். விரல் மை அழியும்வரை அந்தக் கையால் பாத்திரம் தேய்க்க மாட்டார், என்னைத்தான் தேய்க்கச் சொல்வார்.

எங்கள் ஊராட்சியில் தலைவர் ஒரு பெண். ஆனால் நாற்காலியில் உட்காருவதும் கையெழுத்து தவிர எல்லாம் செய்வதும் அவர் கணவர்தான். சொன்னால் கோபப்படுகிறார்கள்.
– பெயர் வேண்டாம்

கிராம சபையில் கேளுங்கள், தலைவரைப் பார்த்துத்தான் பேசுவோம் என்று சொல்லுங்கள், தீர்மானப் புத்தகத்தில் ஏற்றச் சொல்லுங்கள். பதில் சொல்ல வேண்டியது அவர், அவர் கணவர் இல்லை. தமிழ்நாட்டு உள்ளாட்சியில் பாதி இடம் பெண்களுக்கு என்று ஆகியிருக்கிறது. அந்த அம்மாவை வையாதீர்கள். முதல் தடவை வாய் திறக்கும்போது பக்கத்தில் நாலு பெண்கள் நின்றாலே போதும், அடுத்த தடவை அவரே பேசுவார்.

ஆன்ட்டி, நான் ஏற்காட்டில் 9-ஆம் வகுப்பு படிக்கிறேன். பள்ளி ஆண்டு விழாவுக்கு லுக்ரீஷியா மாட் பற்றி நாடகம் போடலாம் என்று டீச்சர் சொன்னார்கள். 10 நிமிஷம்தான். எந்தக் காட்சி வைக்கலாம்?

அருமை கண்ணு! லண்டனை வைக்காதே, உட்கார்ந்தபடி பேசிக்கொண்டே இருப்பார்கள், பார்க்கிறவர்களுக்கு அலுத்துவிடும்.

செனிகா ஃபால்ஸ் முதல் நாள் காலையை வை. மாநாட்டுக்கு ஒரு சின்ன தேவாலயத்தைக் கேட்டு வாங்கியிருக்கிறார்கள். சுற்றுப்பட்டு ஊர்களிலிருந்து குதிரை வண்டிகளில் ஜனம் வந்து இறங்குகிறது. பார்த்தால் கதவு பூட்டியிருக்கிறது! சாவி யாரிடம் என்று தெரியவில்லை. ஸ்டான்டனின் உறவுக்காரப் பையன் ஒருவனைத் தூக்கி ஜன்னல் வழியாக உள்ளே விட்டார்கள், அவன் போய் உள்ளிருந்து தாழ்ப்பாளைத் திறந்தான். அது நிஜமாக நடந்தது. மேடையில் ஒரு பெஞ்சும், ஒரு ஜன்னல் சட்டமும் இருந்தால் போதும். வகுப்பிலேயே குள்ளமான பையனைப் பிடி.

லுக்ரீஷியாவுக்கு வெள்ளைத் தொப்பியும் தோளில் ஒரு வெள்ளைத் துணியும், வேறு நகை எதுவும் வேண்டாம். ஜேம்ஸ் மாட் கண்டிப்பாக வேண்டும், அந்த மாநாட்டில் ஒரு அமர்வுக்கு அவர்தான் தலைமை தாங்கினார். டக்ளஸ் எழுந்து பேசும் இடத்துக்கு நல்ல குரல் உள்ள பிள்ளையைப் போடு. கூட்டத்தில் கடைசி வரிசையில் சார்லட்டை உட்கார வை, வசனம் எதுவும் வேண்டாம், மடியில் கையுறையை வைத்துத் தைத்துக்கொண்டே இருக்கட்டும். கடைசியில் எல்லோரும் கையெழுத்துப் போட வரிசையில் வரும்போது அவள் ஊசியை ஓரமாகக் குத்தி வைத்துவிட்டு எழுந்து வரட்டும்.

என்ன தேதி, எத்தனை மணி என்று எழுதிப் போடு. பஸ் ஏறி மேலே வந்துவிடுகிறேன்.